குருவாயியின் பின்னால் வந்த குட்டை

குருவாயிக்குக் கல்யாணம் முடிந்த மறுநாள், விடிந்தும் விடியாத பனியில் அவள் புருஷன் வீட்டுக்கு நடக்கத் தொடங்கியபோது, அவள் பிறந்து வளர்ந்த உடும்பம்பாறையின் குட்டையும் அவளுக்குப் பின்னால் கிளம்பி வந்தது.

முதலில் பார்த்தவள் லிங்கம்மா, மாப்பிள்ளையின் அக்கா. ஊரின் கடைசி வீட்டையும் கடைசிக் கேரட் தோட்டத்தையும் தாண்டி, பாதை சோலைக்குள் நுழைகிற இடத்தில், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ நின்றவள் தற்செயலாகத் திரும்பினாள். பார்த்துவிட்டுச் சுண்ணாம்பைத் தடவி முடித்து, வெற்றிலையை மடித்து, கொடுப்பில் அதக்கிக்கொண்ட பிறகுதான் கேட்டாள்.

“ஏ பொண்ணு, அது உங்க ஊருக் குட்டைதான?”

குருவாயி திரும்பிப் பார்த்தாள். “ஆமாக்கா.”

“அது எங்க வருது?”

“தெரியலையேக்கா. எங்கேயும் போற குட்டை இல்ல அது.”

இரண்டு களத்து அகலம் கிடக்கிற நீர் அது. கோரைப்புல், தவளை, விரல்நீள மீன்கள், ஒரு ஜோடி நீர்க்கோழி என்று தன்னுடையது எதையும் ஊரில் விட்டுவிடாமல், பாதையின் அகலத்துக்கு உடம்பை ஒடுக்கி நீளமாக்கிக்கொண்டு, மேட்டில் ஏறியும் பள்ளத்தில் இறங்கியும் சத்தமில்லாமல் வந்து, அவள் நின்றதும் நின்றது, நின்ற இடத்தில் மூச்சு வாங்குவதுபோல மெல்ல அலையடித்தது. அது கடந்து வந்த தடம் முழுக்கப் புல் நனைந்திருந்தது, அவ்வளவுதான், சேறில்லை, சகதியில்லை.

மாப்பிள்ளை பொம்மையன் முன்னால் போய்க்கொண்டிருந்தவன், ஆளரவம் நின்றதை உணர்ந்து திரும்பி வந்தான். குட்டையைப் பார்த்தான், குருவாயியைப் பார்த்தான். முதுகில் கட்டியிருந்த அவளுடைய துணிமூட்டையோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கேனில் குடிதண்ணீரும் சுமந்து வந்தவன், கேனைக் கழற்றி, மூடியைத் திறந்து, அந்தத் தண்ணீரைக் குட்டையின் ஓரமாகக் குனிந்து ஊற்றினான்.

“இது கூட வர்றப்ப நான் எதுக்குத் தனியாச் சுமக்கணும்? வரட்டும்,” என்றான்.

ஒரு குட்டைக்குத் தண்ணீர் ஊற்றிய ஆளைக் குருவாயி அதற்குமுன் பார்த்ததில்லை.

அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. அப்பா போனதும் அம்மா படுக்கையில் விழுந்தாள், அம்மா போனதும் அண்ணன் பிள்ளைகள் வரிசையாகப் பிறந்தார்கள், அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று யாராவது வாயெடுக்கும் போதெல்லாம் அந்த வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது, காய்ச்சல் தீர்ந்தபோது பேச்சும் மறந்துபோனது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. வீட்டில் அம்மி இருக்கிறது, உரல் இருக்கிறது, குருவாயி இருக்கிறாள் என்று ஆகிவிட்டது. ஆடு பார்க்க வந்த பொம்மையன், பெண்சாதியை இழந்து வருஷம் பல ஆனவன், குட்டைக்கரையில் போர்வை அலசிக்கொண்டிருந்த அவளிடம், “இதுல கால் கழுவிக்கலாமா?” என்று கேட்டான். அந்தக் குட்டையில் கால் கழுவ யாரும் யாரையும் கேட்டது கிடையாது. ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அக்காவை அனுப்பிப் பெண் கேட்டான். கோயிலில் தாலி கட்டினார்கள், சாம்பார் சாதம் போட்டார்கள். சீர்வரிசையைப் பின்னால் அனுப்பிவைப்பதாக அண்ணன் வீரணன் சொன்னான். அவன் சொல்லும்போது தரையைப் பார்த்ததால், அது வராது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

உடும்பம்பாறையிலிருந்து பொம்மையனின் ஊரான கூதலூருக்குப் பஸ்ஸில் போவதென்றால் மலையிறங்கி, கீழே வெயிலில் பஸ் மாறி, மறுபடி இன்னொரு மலை ஏறவேண்டும். நடந்தால் ஒரு பகல். சோலைக்காடு, அதற்கு மேல் புல்வெளி, அதற்கு மேல் காத்துவாசல் என்கிற கணவாய், பிறகு செங்குத்தாக இறக்கம். அந்த ஒரு பகலைத்தான் அவர்கள் நடந்தார்கள்.

அவள் நடந்தாள், குட்டையும் நடந்தது. சோலைக்குள் பகலிலும் இருட்டாக இருந்தது. மரங்களெல்லாம் பாசிச்சட்டை போட்டுக்கொண்டு நின்றன, அட்டைகள் இலை நுனியில் எழுந்து நின்று மோப்பம் பிடித்தன, குட்டை தன் மேனியில் அந்த மரங்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக விட்டுவிட்டு வந்தது. வேர் குறுக்கே கிடந்த இடங்களில் தாண்டத் தெரியாமல் தயங்கியது. குருவாயி நின்று, “ஏறி வா, ஒண்ணும் ஆகாது,” என்றாள், ஏறி வந்தது. பிறந்த ஊரைவிட்டு இவ்வளவு தூரம் அவளும் வந்ததில்லை, அதுவும் வந்ததில்லை. தனக்குப் பயமாக இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தாள். இருந்தது. ஆனால் பின்னால் ஒன்று தன்னைவிட அதிகம் பயந்துகொண்டு வரும்போது, தன் பயத்தைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

சோலை முடிந்து வெளிச்சம் வந்த இடத்தில் வாட்சர் ஒருவர் கல்லில் உட்கார்ந்திருந்தார். காட்டைக் காக்கிற வேலையில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

“காட்டுக்குள்ள இருந்து ஒரு சுள்ளிகூட வெளிய போகக்கூடாது, தெரியும்ல?”

“இது காட்டுத் தண்ணி இல்லீங்க, ஊர்த் தண்ணி,” என்றான் பொம்மையன்.

“அப்ப வெளித் தண்ணி காட்டுக்குள்ள வரலாமா?”

கேட்டுவிட்டு வாட்சரே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அப்போது எதிர்ப்புதரை விலக்கிக்கொண்டு காட்டுமாடுகள் வந்தன. வெள்ளைச் சாக்ஸ் போட்டது போன்ற கால்களோடு, பாறை எழுந்து நடப்பதுபோல வந்து, மனிதர்களைக் கண்டுகொள்ளாமல் குட்டையில் வாய்வைத்துக் குடித்தன. கன்று ஒன்று முழங்கால்வரை இறங்கி நின்று குடித்தது. குட்டை அசையாமல் கொடுத்தது. மாடுகள் போனபிறகு வாட்சர் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

“மாடே குடிச்சிருச்சு, இனிமே நான் என்னத்தச் சொல்ல. நெருப்பு மட்டும் போட்டுராதீங்க.”

“குட்டை எங்கிட்டுய்யா நெருப்பு போடும்?” என்றாள் லிங்கம்மா.

“எல்லாருக்கும் சொல்றது, சொல்லிட்டேன்,” என்றார் அவர்.

புல்வெளியில் ஏறினார்கள். மேலே போகப் போக மரமே இல்லை. புல், புல்லுக்கு மேல் மேகம், மேகத்தின் நிழல் புல்லில் மேய்ந்துகொண்டு போனது. தூரத்துப் பாறையில் வரையாடுகள் வரிசையாக நின்று பார்த்தன. இங்கே குட்டைக்கு இடம் கிடைத்தது. ஒடுங்கி வந்த உடம்பை அகல விரித்துக்கொண்டு, வானத்தை முழுதாக மேலே போர்த்திக்கொண்டு, குருவாயிக்குப் பின்னால் நீலமாக வந்தது. மழைக்குச் சாக்கைக் கொங்காணி போட்டிருந்த மாட்டுக்காரர் ஒருவர் தன் மாடுகளோடு அந்தப் பக்கம் வந்தார். கையை நெற்றியில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“நல்ல குட்டை. யாருது?”

லிங்கம்மா வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றைத் துப்பினாள். அதுவரை அவளும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. கேட்டவுடன் பதில் தானாக வந்தது.

“பொண்ணு வீட்டுச் சீர்.”

“நகை நட்டு?”

“இதுதான்.”

மாட்டுக்காரர் தலையை ஆட்டினார். “என் மருமக கட்டிலும் பீரோவும் கொண்டாந்தா. பீரோவுல மாடு தண்ணி குடிக்குமா?” என்று சொல்லிவிட்டு, குருவாயியிடம் அனுமதி கேட்டு மாடுகளைக் குடிக்கவிட்டார். இரண்டாவது முறையாக ஒரு மனிதர் அவளிடம் அனுமதி கேட்கிறார். “குடிக்கட்டும்ண்ணே,” என்று சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

சூரியன் உச்சிக்கு வந்தபோது காத்துவாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு பெரும்பாறைகளுக்கு நடுவே காற்று மட்டும் போய்வருகிற இடம் அது; இந்தப் பக்கம் உடும்பம்பாறையின் மலைகள், அந்தப் பக்கம் கூதலூரின் மலைகள். காற்றுக்கு மறைவாக உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். குட்டை குருவாயியின் காலடியில் சுருண்டு படுத்துக்கொண்டது. அவள் ஒரு கைச்சோற்றை மீன்களுக்குப் போட்டாள். பொம்மையனும் போட்டான்.

அப்போதுதான் கீழேயிருந்து மூன்று பேர் மூச்சிரைக்க ஏறி வருவது தெரிந்தது: அண்ணன் வீரணன், அவன் பெண்சாதி சுருளியம்மா, ஊர் நாட்டாமை சின்னக்காளை. சுருளியம்மாவின் தோளில் துவைப்பதற்கு எடுத்த அழுக்குத்துணி மூட்டை அப்படியே கிடந்தது. காலையில் துணியோடு போனவள், குட்டை இருந்த இடத்தில் ஈரக்குழியைப் பார்த்து, கூப்பாடு போட்டு, ஊரைக் கூட்டி, நனைந்த புல்லின் தடம் பிடித்து, மூட்டையை இறக்கி வைக்கக்கூட மறந்து மலையேறி வந்திருந்தாள்.

நாட்டாமை கையில் தாம்புக்கயிறு இருந்தது. எதற்கென்று கொண்டுவந்தாரோ, இப்போது அதைப் பார்க்க அவருக்கே வெட்கமாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கன்றுக்குட்டியைக் கூப்பிடுகிற குரலில், “வா, வாத்தா, நம்ம வீட்டுக்குப் போவோம், வா,” என்று குட்டையைக் கூப்பிட்டார். குட்டை எழுந்து குருவாயியின் சேலைக்குப் பின்னால் போய் நின்றது.

“சீர் குடுத்துட்டுத் திரும்பக் கேக்குற ஊரை இன்னைக்குத்தான் பாக்குறேன்,” என்றாள் லிங்கம்மா.

“யாரு குடுத்தா? தானா வந்துருச்சு,” என்றார் சின்னக்காளை.

“தானா வர்றதுதான சீரு. கேட்டு வாங்குனா அது வேற பேரு.”

நாட்டாமைக்கு அதற்கு மேல் வாதாடத் தெம்பில்லை, ஏறி வந்த களைப்பு வேறு. குருவாயியின் பக்கம் திரும்பினார். “தாயி, நீ வந்தா அது வரும் போலருக்கு. ஊரு தண்ணி இல்லாம என்ன பண்ணும்? ஒரு நடை வந்துட்டுப் போ. அப்பறம் மெதுவாப் பேசிக்கலாம்.”

“வா குருவாயி. வா,” என்றாள் சுருளியம்மா.

கூப்பிட்டால் போவது குருவாயியின் கால்களுக்குப் பழக்கம். அவள் ஒன்றும் நினைப்பதற்கு முன்பே கால்கள் எழுந்துவிட்டன, உடும்பம்பாறையின் பக்கமாகத் திரும்பியும்விட்டன. குட்டையும் திரும்பியது. அதன் மேல் கிடந்த வானம் முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றியதை எல்லோரும் பார்த்தார்கள். நாட்டாமையின் முகம் மலர்ந்தது. லிங்கம்மா எச்சில் கையோடு எழுந்து நின்றாள்.

பொம்மையன் மட்டும் எழுந்திருக்கவில்லை. “இந்தா பாரு,” என்றான், பேர் சொல்லிக் கூப்பிட இன்னும் கூச்சம் அவனுக்கு. “போகணும்னு இருந்தா போ, நானும் கூட வர்றேன். ஆனா போகச் சொல்றது காலா, நீயான்னு ஒரு தடவ பாத்துக்க.”

குருவாயி நின்றாள். காற்று அவள் முந்தானையை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. அவள் மெதுவாகத் திரும்பவும் பாறையில் உட்கார்ந்தாள், குட்டையும் படுத்துக்கொண்டது. பிறகு அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்.

“அண்ணே, எனக்காக வந்தீங்களா, குட்டைக்காக வந்தீங்களா?”

சுருளியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வீரணன் கையைக் காட்டி நிறுத்தினான். சாமர்த்தியம் போதாத ஆள் அவன். பொய் சொல்லவும் தெரியாது.

“குட்டைக்காகத்தாம்மா கெளம்புனோம்,” என்றான். “பாதி தூரம் ஏறும்போது கால் வலிச்சுச்சு. இம்புட்டு தூரமா என் தங்கச்சி போகுதுன்னு அப்பத்தான் ஒறைச்சுச்சு. காலைல நான் கடைசி வீடு வரைக்கும்கூட வரலை. கேரட்டுக்கு மருந்தடிக்கப் போயிட்டேன்.” துண்டால் முகத்தைத் துடைத்தான், வியர்வையைத் துடைப்பதுபோல.

குருவாயி அழவில்லை, அவளுக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது, மடியில் கட்டியிருந்த கல்லை யாரோ அவிழ்த்து எடுத்ததுபோல. சொல்ல வேண்டியதை அவள் யோசிக்கவே இல்லை, யாரோ சொல்லிக் கேட்பதுபோலத் தன் குரலைத் தானே கேட்டாள்.

“இப்ப ஆவணி. தை வரைக்கும் மழை இருக்கு, ஓடை ஓடும், உங்களுக்குக் குறை இல்ல. மாசி பொறந்ததும் வாங்க. வெத்தல பாக்கு, பூ, பழம் வச்சு, முறையா வந்து அழைங்க. சித்திரை முடியிற வரைக்கும் இருந்துட்டு வர்றோம். வருசா வருசம்.”

“வர்றோம்னா, நீயும் குட்டையுமா, நீயும் மாப்பிள்ளையுமா?” என்று கேட்டார் நாட்டாமை.

“மூணு பேரும்.”

நாட்டாமை கயிற்றை முன்னால் எடுத்துக் கைகளில் சுற்றிக்கொண்டே யோசித்தார். வெயில் காலத்தில் தண்ணீர், மழைக் காலத்தில் ஓடை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஊர்ப் பெரியவர் என்கிற முறையில் ஏதாவது ஒன்று கேட்டாக வேண்டும். “மேளம் வைக்கணுமா?” என்று கேட்டார்.

“வச்சாத்தான் என்ன?” என்றாள் லிங்கம்மா. “எங்க வீட்டுப் பொண்ணு மேளமில்லாம வராது.” காலையில் குருவாயி அவளுக்கு உடும்பம்பாறைப் பெண்ணாக இருந்தாள், இப்போது எங்க வீட்டுப் பெண் ஆகியிருந்தாள்.

பேச்சு முடிந்தது. சுருளியம்மா அப்போதுதான் தோளில் மூட்டை இருப்பதைக் கண்டுகொண்டாள். இவ்வளவு தூரம் சுமந்துவந்த அழுக்கைத் திரும்பவும் சுமந்துகொண்டு இறங்குவதா என்று, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காத்துவாசல் பாறையிலேயே துணியை நனைத்துத் துவைக்கத் தொடங்கினாள். குருவாயியின் கைகள் உதவிக்கு எழுந்தன.

“நீ உக்காரு,” என்றாள் சுருளியம்மா, நிமிராமலே. “நான் தொவைக்கிறேன். நீ உக்காந்து பாரு.”

குருவாயி உட்கார்ந்து பார்த்தாள். மதினி துவைப்பதை அவள் பார்த்து வருஷக்கணக்காகிறது, நன்றாகத்தான் துவைத்தாள். பிழிந்த துணிகளை வீரணன் தோளில் போட்டுக்கொண்டான். குனிந்து இரண்டு கை நீரை அள்ளிக் குடித்தான். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, “மாசில பாப்போம் மாப்பிள்ளை,” என்றான். மூவரும் ஈரத்துணி சொட்டச் சொட்டப் புல்வெளியில் சிறிதாகிப் போவதைக் குருவாயி பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டையும் பார்த்தது.

பிறகு இறக்கம்.

காத்துவாசலிலிருந்து கூதலூர்ப் பக்கம் வழுக்குப்பாறை என்று ஒன்று உண்டு. ஆடுகள்கூட அங்கே யோசித்துத்தான் கால்வைக்கும். லிங்கம்மா உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்கினாள். குருவாயி நாலைந்து அடி வைத்துவிட்டுத் திரும்பினால், குட்டை பாறையின் முகப்பிலேயே நின்றுவிட்டிருந்தது. அதன் ஓரம் நடுங்கியது. நீர்க்கோழிகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கத்தின.

“விழுந்தா என்ன ஆகும்?” என்று குருவாயி கேட்டாள்.

பொம்மையன் கீழே பார்த்தான். “அருவியாகிடும்,” என்றான். “அருவியானா நிக்காது. அப்படியே ஓடி, கீழ சமவெளி வரைக்கும் போய், ஆத்துல கலந்துரும். அப்பறம் எது நம்முதுன்னு யாருக்குத் தெரியும்?”

திரும்பிப் போகவும் முடியாது, நின்றுகொண்டே இருக்கவும் முடியாது. மேகம் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறி வந்துகொண்டிருந்தது, அது வந்து மூடிவிட்டால் குட்டை அவளைப் பார்க்காது. குருவாயி மறுபடி மேலே ஏறி அதன் முன்னால் போய் நின்றாள். அதன் முகத்தைப் பார்த்தபடியே, முதுகு பள்ளத்தைப் பார்த்திருக்க, ஒரு காலைப் பின்னால் வைத்தாள். கால்வைத்த இடம் எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு கைகள் அவள் தோள்களைப் பின்னாலிருந்து பிடித்தன. அதுவரை பொம்மையன் அவளைத் தொட்டது என்றால், தாலி கட்டும்போது கழுத்தில் பட்ட விரல்நுனிதான்.

“நீ அதைப் பாரு. நான் கீழ பாக்குறேன்,” என்றான். “இடது காலை எடு. இன்னும் கொஞ்சம். அங்க ஒரு பல்லு மாதிரிக் கல்லு இருக்கு, அதுல வை. வச்சுட்டியா? இப்ப வலது.”

அவள் குட்டையிடம், “வா. மெதுவா. பாத்து,” என்றாள். குட்டை தன் விளிம்பைப் பாறைமேல் இறக்கியது. ஒரு மடிப்பு இறங்கியது, நின்றது, அடுத்த மடிப்பு இறங்கியது. சேலையை மடித்து மடித்து அடுக்குவதுபோல அந்தச் செங்குத்தில் நீர் மடிப்பு மடிப்பாக இறங்கியது. அவன் அவளுக்குச் சொன்னான், அவள் குட்டைக்குச் சொன்னாள். இடது, என்றான், வா, என்றாள். வலது, என்றான், பாத்து வா, என்றாள். மேகம் வந்து சூழ்ந்தபோது அவளுக்குக் குட்டையின் முகம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது, முதுகுக்குப் பின்னால் அவன் மூச்சு கேட்டது. உலகத்தில் வேறொன்றும் இல்லை. எவ்வளவு நேரம் இறங்கினார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கால் சமமான மண்ணில் பட்டபிறகும் அவன் கைகளை எடுக்கவில்லை, அவளும் எடுக்கச் சொல்லவில்லை. கடைசி மடிப்பும் இறங்கி வந்து சேர்ந்து, நீர்க்கோழிகள் சிறகை உதறிக்கொண்ட பிறகு, கீழே காத்திருந்த லிங்கம்மா வேறு பக்கம் பார்த்தபடி, “வழியில இனிமே மேடு பள்ளம் ஒண்ணுமில்ல. ஆனா பிடிச்சுக்கிட்டே வந்தாலும் தப்பில்ல,” என்றாள்.

சாயங்காலம் மசங்குகிற நேரம் கூதலூருக்குள் நுழைந்தார்கள். படிக்கட்டு படிக்கட்டாக மலைச்சரிவில் தொங்குகிற ஊர் அது. ஒரு வீட்டின் கூரையும் அடுத்த வீட்டின் வாசலும் ஒரே உயரம். தண்ணீருக்குப் பெண்கள் பள்ளத்து ஓடைவரை இறங்கி ஏறவேண்டும். புதுப்பெண்ணைப் பார்க்கக் கூடியவர்கள் குட்டையைப் பார்த்தார்கள். பார்த்தவுடன் அவர்களுக்கு எழுந்த கேள்வி, இது எப்படி வந்தது என்பதல்ல, எங்கே படுக்கும் என்பதுதான். கோயில் முன்னால் படுக்கட்டும் என்றார் பூசாரி. டீக்கடை ஓரத்தில் இடம் இருக்கிறது என்றார் டீக்கடைக்காரர், யாரும் கேட்காமலே ஒரு பெஞ்சை எடுத்து நகர்த்தியும் போட்டார். மேலத்தெருவா கீழத்தெருவா என்று பேச்சு சூடாகிக்கொண்டிருக்கும்போது, குட்டை யாரையும் கண்டுகொள்ளாமல் குருவாயியின் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. குருவாயி பொம்மையனின் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். ஊர் அவர்கள் எல்லோருக்கும் பின்னால் போனது.

பொம்மையனின் வீட்டை ஒட்டி ஒரே ஒரு சமதளம் இருந்தது. அதில் பூண்டு நின்றது. தாள் பழுக்கத் தொடங்கிய, இன்னும் கொஞ்ச நாளில் எடுக்க வேண்டிய பூண்டு. அவனுக்கு இருந்த விளைச்சல் அதுதான். குட்டை கல்வரப்பின் ஓரத்தில் வந்து நின்றது. உள்ளே போகவில்லை. குருவாயி அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து பூண்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொம்மையன் முதுகிலிருந்த துணிமூட்டையை அவிழ்த்து வாசலில் வைத்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். வரப்பைத் தாண்டிப் போய், குனிந்து, முதல் பூண்டைப் பிடுங்கி, மண்ணை உதறி, மூக்கில் வைத்து முகர்ந்தான்.

“கொஞ்சம் பச்சைதான்,” என்றான். “கட்டித் தொங்கவிட்டாக் காஞ்சுரும்.”

அவ்வளவுதான். லிங்கம்மா இறங்கினாள், பூசாரி இறங்கினார், டீக்கடைக்காரர் கடையைப் போட்டது போட்டபடி வந்து இறங்கினார். மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே பாத்தியில் குனிந்து பிடுங்கின. குருவாயியும் இறங்கப்போனபோது ஒரு பெண், “புதுப்பொண்ணு மண்ணுல கைய வைக்கக்கூடாது, நீ நில்லு,” என்று கரையில் நிறுத்திவிட்டாள். ஆகவே ஒரு பக்கம் குருவாயி நின்றாள், பக்கத்தில் குட்டை நின்றது, இருவருக்குமாக ஒரு ஊரே வேலை செய்தது. இருட்டுவதற்குள் பூண்டெல்லாம் கட்டுக்கட்டாக இறவாரத்தில் தொங்கியது. ஊர் முழுக்க அந்த வாசம்.

லிங்கம்மா ஆரத்தித் தட்டோடு வந்தாள். குருவாயிக்குச் சுற்றிப் பொட்டு வைத்தாள், வலது காலை எடுத்து வைத்து உள்ளே போகச் சொன்னாள். பிறகு குட்டைக்குச் சுற்றப் போனவள் நின்றாள்.

“இதுக்கு வலது கால் எதுன்னு எப்படித் தெரியும்?”

பூசாரி யோசித்தார். இப்படியொரு விஷயத்தில் ஊர் அவரைத்தான் கேட்கும். “எது முதல்ல உள்ள வருதோ, அதுதான் வலது,” என்றார்.

கல்வரப்பில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். குட்டை உள்ளே வந்தது. பூண்டுப் பாத்திகளின் மேல் அங்குலம் அங்குலமாகப் படர்ந்து, மூலைகளைத் தொட்டுப் பார்த்து, ஒரு முறை புரண்டு படுத்து, அமைதியானது. தவளைகள் புது இடத்தில் குரல் எடுத்துப் பார்த்தன. மாசியில் அழைக்க வருவார்கள் என்ற செய்தியும் அதற்குள் பரவிவிட்டது. யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பிறந்த வீடு என்று ஒன்று இருக்கும் அல்லவா, மகராசியாகப் போய்வரட்டும் என்றார்கள். அந்த மாதங்களில் வண்டல் படிந்த நிலத்தில் பீன்ஸ் போடலாம் என்று ஒருவர் யோசனையும் சொன்னார்.

மறுநாள் பொழுது விடிந்து, வெயில் ஓட்டுக்கு மேல் வந்து, டீக்கடையில் இரண்டாம் அடுப்பு எரிந்த பிறகும் குருவாயி எழுந்திருக்கவில்லை. வெயில் வந்து முகத்தில் விழும்வரை தூங்குவது என்பது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவளுக்கு அது தெரியாது, தூங்கிக்கொண்டிருந்தாள். கூதலூர்ப் பெண்கள் துணிமூட்டைகளும் குடங்களுமாகப் புதுக் கரைக்கு வந்தார்கள். அங்கே பொம்மையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். குட்டையின் மேல் ஒரு சுருக்கம்கூட இல்லை; காலை வானம் அப்படியே அதில் கிடந்தது. முதல் பெண் துணியை நனைக்கக் குனிந்தபோது அவன் உதட்டில் விரல் வைத்தான்.

“தூங்குறாங்க,” என்றான்.

“யாரு, குருவாயியா?”

அவன் வீட்டுப் பக்கம் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான். “நேத்து ரொம்ப தூரம் நடந்தாங்க,” என்றான்.

பெண்கள் சத்தமில்லாமல் குடங்களை இறக்கி வைத்துவிட்டு, கரையில் வரிசையாக உட்கார்ந்து, காத்திருந்தார்கள்.